கடற்கரை கார் பார்க்கில் மோட்டார்ஹோமுக்குத் தடை: அபராதத்தைக் கட்டுவதா, எதிர்ப்பதா?

கேள்வி: லண்டனில் வசிக்கிறோம், நான்கு பேர் குடும்பம். போன வருடம் ஒரு பழைய பியூஜோ பாக்ஸர் வேனை வாங்கி, கட்டில், அடுப்பு, சின்னக் கழிப்பறை எல்லாம் வைத்து மோட்டார்ஹோமாக மாற்றினோம். ஆறு நாளுக்கு முன் வடகிழக்கு இங்கிலாந்தில் ஒரு கடற்கரை ஊரில், கவுன்சில் கார் பார்க்கில் மதியம் ஒரு மணிக்குப் பணம் கட்டி நிறுத்தினோம். மாலை 5.40க்குத் திரும்பி வந்தால் கண்ணாடியில் 70 பவுண்ட் டிக்கெட், குறியீடு 91 என்று. பலகையின் படத்தை இணைத்திருக்கிறேன். அந்த ஊரின் மூன்று கடற்கரை கார் பார்க்குகளிலும் மோட்டார்ஹோம்களை முழுக்கத் தடுத்து, உயரத் தடுப்பும் போடப் போவதாக விளக்குக் கம்பத்தில் ஓர் அறிவிப்பு கட்டியிருந்தது. சீக்கிரம் கட்டினால் பாதித் தொகை போதுமாம், அந்த 35 பவுண்டைக் கட்டித் தொலைத்துவிடலாமா? முழுத்தடைக்கு எதிராக எங்களைப் போன்ற வெளியூர்க்காரர்கள் ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். கட்டிவிட்டால் விவகாரம் அத்தோடு முடிந்துவிடும், பிறகு முறையிட வழியில்லை. கெடு ஓடிக்கொண்டிருப்பதால் சுருக்கமான பதிலை உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டோம். விவரம் இதோ.

முதலில் உங்கள் படம். அதைப் பெரிதாக்கிப் பார்த்தோம். மேலே பெரிய எழுத்தில் "மோட்டார் காரவான்கள் கூடாது" என்று இருக்கிறது. மோட்டார்ஹோமுக்கு ஆணைகளிலும் பதிவிலும் வரும் பெயர் அது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி. பார்க்கிங் செயலிக்கான ஸ்டிக்கர் அதன் பாதியை மறைத்துக்கொண்டிருக்கிறது. ஆனாலும் "இரவு 11" என்பது தெரிகிறது. அது இரவு நேரத் தடை என்றால் பட்டப்பகலில் உங்களுக்கு டிக்கெட் போட்டது தவறு. 24 மணி நேரத் தடை என்றால் டிக்கெட் சரி, பலகைதான் குழப்புகிறது. எது என்பதைப் பலகை தீர்மானிக்காது, அந்தக் கார் பார்க்குக்கான ஆணைதான் தீர்மானிக்கும்.

கவுன்சில்கள் கார் பார்க் நடத்துவது 1984ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி. எந்த வகை வாகனம், எந்த நேரம், எவ்வளவு கட்டணம் என்று அச்சட்டத்தின் 35ஆம் பிரிவின் கீழ் ஓர் ஆணை பிறப்பித்திருப்பார்கள். பல கவுன்சில்கள் அதை இணையதளத்தில் வைத்திருக்கின்றன. இல்லையென்றால் பார்க்கிங் பிரிவுக்கு எழுதி, அந்தக் கார் பார்க்குக்குரிய அட்டவணையோடும் திருத்தங்களோடும் கேளுங்கள். டிக்கெட் எண்ணைக் குறிப்பிட்டு, அதிகாரி எடுத்த படங்களையும் கைக்குறிப்புகளையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.

ஆணை கைக்கு வந்ததும் "மோட்டார் காரவான்" என்பதற்கு அதில் என்ன பொருள் சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். உங்களைப் போல வேனை மாற்றியவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். வெளிப்புறத்தில் ஜன்னல், உயரக் கூரை, பக்கவாட்டில் நிழல்கூரை முதலிய அடையாளங்கள் போதாவிட்டால் வாகனப் பதிவுத் துறை உங்கள் பதிவுப் பத்திரத்தில், அதாவது வி5சியில், "மோட்டார் காரவான்" என்று மாற்றித் தராது. டி.5 என்ற கட்டத்தில் "ஜன்னல் வைத்த வேன்" என்றே இருக்கும். ஆணையில் "மோட்டார் காரவான் எனப் பதிவான வாகனம்" என்று எழுதியிருந்தால் அந்தப் பத்திரமே உங்களைக் காப்பாற்றும். "மனிதர் தங்குவதற்காகக் கட்டப்பட்ட அல்லது மாற்றியமைக்கப்பட்ட வாகனம்" என்று இருந்தால் காப்பாற்றாது. கட்டிலும் அடுப்பும் வைத்திருக்கிறீர்கள், மாற்றியமைத்ததுதான். அங்கே பத்திரத்தைக் காட்டி வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம். நேரத்தையும் பலகையையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

குறியீடு 91 என்றால் "அந்த வகை வாகனத்துக்கு ஒதுக்கப்படாத கார் பார்க்கில் நிறுத்தியது". 14 நாளுக்குள் முறையிடுங்கள். மறுத்தாலும் பாதித் தொகையான 35 பவுண்ட் சலுகையைப் பெரும்பாலும் திரும்பத் தருவார்கள். அதைத் தாண்டினால் அந்த வாய்ப்பு கை நழுவும். கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். மதியம் ஒரு மணிக்குக் கட்டிய ரசீது, டிக்கெட்டில் எழுதியுள்ள நேரம், இரவுத் தடையைச் சொல்லும் ஆணையின் வரி, ஸ்டிக்கர் மறைத்த பலகையின் படம், இவை போதும். குழந்தைகள் அழுதார்கள், விடுமுறை கெட்டது என்பதெல்லாம் வேண்டாம். படிப்பவர் தேடுவது, ஆணை மீறப்பட்டதா இல்லையா என்ற ஒன்றைத்தான்.

அவர்கள் மறுத்தால், வாகனம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்கு "உரிமையாளருக்கான அறிவிப்பு" தபாலில் வரும். 28 நாளுக்குள் முறைப்படி ஆட்சேபிக்க வேண்டும். கவுன்சில் 56 நாளுக்குள் பதில் தராவிட்டால் உங்கள் ஆட்சேபம் ஏற்கப்பட்டதாகிவிடும். அதையும் நிராகரித்தால் 28 நாளுக்குள் போக்குவரத்து அபராதத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. பலகை போதிய தெளிவுடன் இல்லையென்றால் நடுவர் ரத்து செய்வார் என்று நம்பப் போதிய காரணம் உண்டு.

டிக்கெட்டைக் கொடுத்தது கவுன்சில்தானா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கவுன்சிலின் அபராத அறிவிப்பைச் சுருக்கமாகப் பிசிஎன் என்பார்கள். தனியார் நிறுவனங்கள் தருவதையும் அதே மூன்றெழுத்தில்தான் சொல்கிறார்கள். தனியார் தருவது அபராதம் அல்ல, ஒப்பந்தத்தை மீறியதற்கான பணக் கோரிக்கை. வழிமுறையே வேறு.

இன்னொரு எச்சரிக்கை. ஆணை உங்கள் பக்கம் இருந்தாலும் அடுத்த முறை குறியீடு 86 வரலாம், கட்டத்துக்கு வெளியே நிறுத்தியதற்கு. ஒரு கட்டம் வழக்கமாக 4.8 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம். பாக்ஸரில் பரவலாக ஓடும் நீளம் 5.99 மீட்டர். 1.2 மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு கட்டங்களுக்குப் பணம் கட்டி நிறுத்தலாம் என்று சில ஆணைகள் சொல்லும், சில சொல்லாது. இரண்டு சீட்டு வாங்கிவிட்டோம், போதும் என்று நினைத்துவிடாதீர்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. வெளியூர்க்காரர் என்பது ஒரு தடையே அல்ல. முழுத்தடைக்கும் ஓர் ஆணை வேண்டும். அதன் வரைவை அறிவித்து, குறைந்தது 21 நாள் ஆட்சேபத்துக்கு விட வேண்டும் என்று 1996ஆம் ஆண்டு நடைமுறை விதிகள் சொல்கின்றன. யார் வேண்டுமானாலும் எழுதலாம். எழுத்தில் இருக்க வேண்டும், காரணம் சொல்லியிருக்க வேண்டும். வந்த ஆட்சேபங்கள் அனைத்தையும் கவுன்சில் பரிசீலித்தாக வேண்டும். வெறும் "எனக்குப் பிடிக்கவில்லை" என்பது காரணம் இல்லாத ஆட்சேபம், அதற்கு மதிப்பில்லை.

அறிவிப்பில் உள்ள தேதியைக் குறித்துக்கொண்டு, முதல் நாளே மூன்றைக் கேளுங்கள்: வரைவு ஆணை, வரைபடம், காரண விளக்கம். எத்தனை புகார் வந்தது, எந்தக் கார் பார்க்கில், எந்த மாதத்தில் என்று தகவல் சுதந்திரச் சட்டப்படியும் கேளுங்கள். இங்கே பலரும் ஏமாறுகிறார்கள். அதற்கான பதில் கெடு 20 வேலை நாள், அதாவது ஏறக்குறைய நான்கு வாரம். ஆட்சேபக் கெடுவோ 21 நாள். பதிலுக்குக் காத்திருந்தால் கெடு போய்விடும். கையில் இருப்பதை வைத்து எழுதி, "தகவல் வந்ததும் கூடுதலாக அனுப்புவேன்" என்று ஒரு வரி சேருங்கள்.

எழுதும்போது ஊர்க்காரர்கள் பக்கத்து நியாயத்தையும் ஒத்துக்கொண்டு எழுதுங்கள், ஏனென்றால் அவர்கள் சொல்வதில் பெரும்பகுதி உண்மை. மோட்டார்ஹோமின் பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கார் பார்க் ஓரத்து மழைநீர்ச் சல்லடையில் திறந்துவிட்டால் அது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை. பல ஊர்களில் நேரே கடலுக்குப் போகிறது, குழந்தைகள் குளிக்கும் அதே கடலுக்கு. கழிப்பறைப் பெட்டியில் ஏறக்குறைய 17 முதல் 20 லிட்டர் கழிவு பிடிக்கும். அதில் ஊற்றும் ரசாயனம் நாற்றத்தை அடக்கக் கிருமிகளைக் கொல்கிறது. ஊர் ஒதுக்குப்புறத்துப் பொதுக் கழிப்பறை கழிவுத் தொட்டியில் ஓடுவதாக இருந்தால், அங்கே கழிவை அரிக்கும் கிருமிகளும் சாகும். தொட்டி நிரம்பி வழியும். இரவில் பக்கம் பக்கமாக எரிவாயு சிலிண்டரோடு நிற்பதும் சிறிய விஷயமில்லை. முகாம்களில் வண்டிக்கும் வண்டிக்கும் 6 மீட்டர் இடைவெளி வைப்பது இதற்காகத்தான்.

இவற்றில் எதுவும் பகலில் நான்கு மணி நேரம் நின்றுவிட்டுப் போகும் குடும்பத்துக்குப் பொருந்தாது. உங்கள் ஆட்சேபத்தின் உயிர்நாடி அதுதான். இரவுத் தடையை எதிர்க்காதீர்கள். பகலில் அனுமதியுங்கள், ஓரமாக நீளமான கட்டங்கள் நான்கைந்து குறியுங்கள் என்று கேளுங்கள். வேல்ஸின் குவினெத் கவுன்சில் "அரோஸ்வான்" என்ற பெயரில் கிரிகியெத், கேர்நார்வன் போன்ற ஊர்களில் தண்ணீரும் கழிவு ஊற்றும் இடமும் வைத்து, பணம் வாங்கிக்கொண்டு குறுகிய காலம் தங்க விடுகிறது. அதை எடுத்துக்காட்டுங்கள். "காரவான் தளச் சட்டம் இடம் தராது" என்று பதில் வரலாம். அது பாதிதான் சரி. 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி, கவுன்சில் தன் எல்லைக்குள் தானே வைத்திருக்கும் நிலத்துக்குத் தள உரிமம் தேவையில்லை. திட்ட அனுமதி வேறு விஷயம், அது வேண்டியிருக்கும்.

உயரத் தடுப்பைத் தனியாக எதிர்த்து எழுதுங்கள். வழக்கமான 2.1 மீட்டர் கம்பி உங்கள் பாக்ஸரை மட்டும் தடுக்காது. சக்கர நாற்காலியோடு ஏறும்படி கூரை உயர்த்திய வாகனங்களையும் வாசலிலேயே நிறுத்திவிடும். 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் 149ஆம் பிரிவு இதை முன்கூட்டி யோசிக்கக் கவுன்சிலைக் கட்டாயப்படுத்துகிறது. யோசித்ததற்கான ஆவணத்தைக் கேளுங்கள். கம்பி போட்டதும் வண்டிகள் பக்கத்துக் குடியிருப்புத் தெருவுக்குப் போகும் என்பதையும் வரைபடத்தில் தெருப் பெயரோடு காட்டுங்கள். அந்தத் தெருக்காரர்களே உங்களோடு சேர்ந்து எழுதக்கூடும்.

இன்றே செய்ய வேண்டிய காரியம் ஒன்று மிச்சம் இருக்கிறது. வேன் பழையது, வாங்கிய பிறகு வீடு மாறினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. உரிமையாளருக்கான அறிவிப்பு வி5சியில் உள்ள முகவரிக்குத்தான் போகும். பழைய முகவரியில் அது கிடந்து கெடு தாண்டினால் 70 பவுண்ட் 105 ஆகும், அடுத்து நார்தாம்ப்டன் நீதிமன்ற மையத்தில் கடனாகப் பதிவாகி, வசூல்காரர் கதவைத் தட்டுவார். பத்திரத்தை எடுத்து முகவரியைப் பாருங்கள். மாறியிருந்தால் இணையத்தில் இலவசமாகவே திருத்தலாம்.