மூன்றாம் மாதத் தடிப்பும் நான்காம் மாத மருந்தும்

கேள்வி: என் மகளுக்கு ஏழு மாதம் ஆகிறது. மூன்றாம் மாதத்தில் கன்னம் இரண்டும் சிவந்து சொரசொரப்பாயின. இப்போது கை கால்களிலும் பரவி, இரவெல்லாம் தேய்த்துத் தேய்த்து அழுகிறாள். எக்ஸிமா என்கிறார் மருத்துவர். சிசேரியனால் வந்தது, கர்ப்பத்தில் நீ வாயைக் கட்டவில்லை, இரண்டாம் மாதமே பவுடர் பால் கொடுத்தாய், நான்காம் மாதம் காதில் சீழ் வந்தபோது கொடுத்த ஆன்டிபயாடிக்தான் வினை என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். என் கணவருக்குச் சின்ன வயதில் ஆஸ்துமா இருந்தது. நான் செய்த தவறு எது? அடுத்த குழந்தைக்கு வராமல் தடுக்க முடியுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் மேல் சுமத்தப்பட்டவை வரிசையாக வந்துவிட்டன. கணவரின் ஆஸ்துமா மட்டும், ஏதோ ஞாபகம் வந்து சேர்த்ததுபோல, கடைசியில் ஒற்றை வரியாக நிற்கிறது. எனக்கு அந்த வரிதான் முதலில் கண்ணில் பட்டது.

எக்ஸிமா, அதாவது நாம் கரப்பான் என்று சொல்வது, பெரும்பாலும் குடும்பத்தோடு வருகிறது. பெற்றோரில் ஒருவருக்கு ஆஸ்துமாவோ, தும்மல் அலர்ஜியோ, எக்ஸிமாவோ இருந்தால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு கூடும். இருவருக்கும் இருந்தால் இன்னும் கூடும். தோலின் மேலடுக்கை இறுக்கமாக வைத்திருக்கும் ஃபிலாக்ரின் என்றொரு புரதம் உண்டு. அதற்கான மரபணுவில் பழுது இருப்பவர்களுக்கு எக்ஸிமா அதிகம் வருகிறது என்பது 2006இல் தெரியவந்தது. இன்றுவரை இந்த நோய்க்குத் தெரிந்த மரபுக் காரணங்களில் இதுவே வலுவானது. ஆனால் இந்தப் பழுது இருந்தும் எக்ஸிமா வராதவர்கள் உண்டு, பழுதே இல்லாமல் வந்தவர்களும் நிறைய. தோல் இறுக்கமாக இல்லாவிட்டால் உள்ளிருக்கும் ஈரம் வெளியே கசியும். வெளியே இருக்கும் தூசியும் கிருமியும் சோப்பும் உள்ளே நுழைந்து எரிச்சல் மூட்டும். அயர்லாந்தில் பிறந்து இரண்டே நாளான குழந்தைகளின் தோலிலிருந்து எவ்வளவு ஈரம் கசிகிறது என்று அளந்து பார்த்தார்கள். அதிகம் கசிந்த குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் எக்ஸிமா வருவதும் அதிகமாக இருந்தது. பிறந்த இரண்டாம் நாளில் உங்கள் மகள் பவுடர் பாலும் குடிக்கவில்லை, ஆன்டிபயாடிக்கும் எடுக்கவில்லை.

சரி, உங்கள் பட்டியலுக்கு வருவோம்.

முதலில் ஆன்டிபயாடிக். தடிப்பு வந்தது மூன்றாம் மாதம், மருந்து கொடுத்தது நான்காம் மாதம். நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பின்னால் வந்தது முன்னால் வந்ததற்கு எப்படிக் காரணமாகும்? முதல் வயதில் ஆன்டிபயாடிக் எடுத்த குழந்தைகளிடம் எக்ஸிமா சற்று அதிகம் என்று ஆய்வுகள் சொல்வது உண்மைதான். ஆனால் எக்ஸிமா உள்ள குழந்தைக்குத் தோலில் தொற்று எளிதில் வரும், அதற்கும் ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். எது எதை இழுத்து வந்தது என்று பிரித்தறிவது சுலபமில்லை. காதில் சீழ் பிடித்த குழந்தைக்கு மருத்துவர் எழுதிய மருந்தைக் கொடுத்ததற்காக நீங்கள் வருந்த வேண்டியதில்லை.

கர்ப்பத்தில் வாயைக் கட்டுவது? பால், முட்டை போன்றவற்றைத் தவிர்த்த தாய்மார்களின் குழந்தைகளுக்கு எக்ஸிமா குறைந்ததாக ஆய்வுகளில் தெரியவில்லை. தாய்க்கு ஏற வேண்டிய எடை ஏறாமல் போவதுதான் மிச்சம். சிசேரியனைப் பற்றிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. தொடர்பு இருந்தாலும் சிறியதுதான்.

தாய்ப்பால் விஷயத்தில் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பெலாரஸில் 17,000க்கும் மேற்பட்ட தாய்-சேய் ஜோடிகளை வைத்துப் பெரிய ஆய்வு நடந்தது. தாய்ப்பாலுக்குக் கூடுதல் ஊக்கம் தந்த மருத்துவமனைகளில் பிறந்தவர்களுக்கு முதல் வயதில் எக்ஸிமா 3.3 சதவீதம், மற்ற மருத்துவமனைகளில் 6.3 சதவீதம். ஆறரை வயதில் பார்த்தபோது அந்த வித்தியாசம் இல்லை. ஆகவே கொஞ்சம் உதவியிருக்கலாம். அதை வைத்து ஒரு தாயைக் கூண்டில் ஏற்ற முடியாது. தாய்ப்பால் கொடுக்க வேறு நல்ல காரணங்கள் நிறைய இருக்கின்றன, அது தனிக் கதை.

யாரும் உங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்து வீட்டில் இதைத்தான் ஆரம்பிப்பார்கள். "ஏதோ உணவு ஒத்துக்கொள்ளவில்லை, எல்லாவற்றையும் நிறுத்து" என்பார்கள். பல குழந்தைகளுக்கு நடப்பது தலைகீழ். எக்ஸிமா முதலில் வருகிறது. வெடித்த தோல் வழியாக உணவுத் துகள்கள் உள்ளே போய், அதன் பிறகு உணவு அலர்ஜி உண்டாகிறது. வாய் வழியாக முதலில் போனால் உடல் அதை ஏற்றுக்கொள்ளப் பழகுகிறது. 2015இல் வெளியான ஆய்வில், கடுமையான எக்ஸிமாவோ முட்டை அலர்ஜியோ இருந்த 640 குழந்தைகளில் பாதிப்பேருக்கு 4 முதல் 11 மாதத்துக்குள் வேர்க்கடலை உணவைத் தொடங்கினார்கள். மறுபாதிக்கு ஐந்து வயதுவரை கொடுக்கவில்லை. ஐந்து வயதில் வேர்க்கடலை அலர்ஜி, சாப்பிட்டவர்களில் சுமார் 3 சதவீதம், தவிர்த்தவர்களில் சுமார் 17 சதவீதம். எனவே திட உணவைத் தள்ளிப் போடாதீர்கள். எக்ஸிமா கடுமையாக இருந்தால் மட்டும் வேர்க்கடலை, முட்டை தொடங்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். வேர்க்கடலையை முழுசாக அல்ல, பொடித்து அல்லது விழுதாக்கித்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்த குழந்தையைப் பற்றி. பிறந்ததிலிருந்தே மாய்ஸ்சரைசர் தடவினால் வராது என்று ஒரு காலத்தில் நாங்களும் நம்பினோம். 2014இல் வந்த இரண்டு சிறிய ஆய்வுகள் அப்படித்தான் சொல்லின. 2020இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், குடும்பத்தில் அலர்ஜி உள்ள 1,394 குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள். ஒரு வருடம் தினமும் தடவியவர்களில் 23 சதவீதத்துக்கும், தடவாதவர்களில் 25 சதவீதத்துக்கும் இரண்டு வயதில் எக்ஸிமா இருந்தது. வித்தியாசம் இல்லை என்றே அர்த்தம், தோல் தொற்று மட்டும் சற்று அதிகம். எனக்கு அன்று ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் அதே கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது: உங்களைப்போன்ற குடும்பங்களில் ஏறக்குறைய நாலில் ஒரு குழந்தைக்கு வந்தது, மூன்று பேருக்கு வரவில்லை. அப்புறம், அண்ணன் அக்கா உள்ள குழந்தைகளுக்கு முதல் வயதில் எக்ஸிமா குறைவு என்று பிரிட்டனில் 1989இலேயே கவனித்திருக்கிறார்கள். உங்கள் இரண்டாவது குழந்தைக்கு அக்கா தயாராக இருக்கிறாள்!

தடுப்பதற்குப் பயன்படாத மாய்ஸ்சரைசர், வந்துவிட்ட எக்ஸிமாவுக்கு அடிப்படை மருந்து. இப்போது உங்கள் மகளுக்குத் தினமும் இரண்டு வேளையாவது தாராளமாகத் தடவுங்கள். குளித்த உடனே, ஈரம் காயும் முன். வாசனை சேர்த்தது வேண்டாம், நுரை பொங்கும் சோப்பும் வேண்டாம். சிவந்திருக்கும் இடங்களுக்கு ஸ்டீராய்டு களிம்பு எழுதித் தந்திருந்தால், பயந்து பாதியில் விடாமல் சொன்ன நாள்வரை போடுங்கள். அரிப்பு அடங்கினால்தான் அவளும் தூங்குவாள், நீங்களும் தூங்குவீர்கள். தோலில் மஞ்சளாகப் பொருக்குக் கட்டினாலோ, நீர் வடிந்தாலோ, காய்ச்சலோடு சிறு சிறு கொப்புளங்கள் கூட்டமாக வந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். போகும்போது கணவரையும் கூட்டிப் போங்கள். அவருடைய ஆஸ்துமா கதையை அவரே சொல்லட்டும்.