அவர் விமானம் ஏறியதும் நிம்மதி வருகிறதே, இது காதல்தானா?

கேள்வி: அன்புள்ள ஆச்சிக்கு, எனக்கு 28 வயது. தேவகோட்டையில் வீடு, காரைக்குடியில் ஆடிட்டர் ஆபீஸில் வேலை. எனக்கு ஆட்டிசம் இருப்பதாகப் போன வருஷம்தான் டாக்டர் உறுதிப்படுத்தினார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒருவரும் நானும் மூன்று வருஷமாகக் காதலிக்கிறோம். மெசேஜில் மணிக்கணக்காகப் பேசுவேன். வீடியோ காலில் வார்த்தையே வராது. போன ஆவணியில் லீவில் வந்தவர், தன் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூட்டிப் போனார். கெட்டிமேளம் கொட்டியதும் தாங்க முடியாமல் காதைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்குப் போய்க் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டேன். “எங்க ஆளுங்களை உனக்குப் பிடிக்கலையா?” என்று கேட்டார். பதில் சொல்ல வரவில்லை. பத்து நாள் கழித்து அவர் விமானம் ஏறியபோது எனக்கு அழுகை வரவில்லை, நிம்மதிதான் வந்தது. தூரத்தில் இருந்தால்தான் ஒருவரைப் பிடிக்கிறது என்றால் அது காதலா? ஆட்டிசம் பற்றி அவரிடம் இன்னும் சொல்லவில்லை. தை மாதம் மறுபடி வருகிறார், கல்யாணப் பேச்சை எடுக்கப் போகிறாராம்.
- பெயர் வேண்டாம், தேவகோட்டை.

பதில்: ஆத்தா, உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உன் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். அது காதல்தான். மூன்று வருஷமாக ஒருவருக்கு மணிக்கணக்காக எழுதிக்கொண்டே இருக்கிறாய். பிடிக்காத ஆளுக்கு யாரும் அப்படி எழுத மாட்டார்கள்.

அப்புறம் ஏன் நிம்மதி வந்தது? அந்தப் பத்து நாளும் நீ பார்த்த வேலையை நினைத்துப் பார். கண்ணைப் பார்த்துப் பேசியிருப்பாய். சிரிக்க வேண்டிய இடம் எது என்று யோசித்துச் சிரித்திருப்பாய். பட்டுச் சேலையின் ஜரிகை இடுப்பில் அறுத்தாலும் முகத்தில் காட்டியிருக்க மாட்டாய். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும்போது யாருக்கு முதலில் பதில் சொல்வது என்று தவித்திருப்பாய். மற்றவர்களைப் பார்த்துப் படித்து, அவர்களைப் போலவே நடந்து காட்டுவதை மாஸ்கிங் என்கிறார்கள். ஆட்டிசம் உள்ள பெண்கள் பலர் சின்ன வயதிலிருந்தே இதைச் செய்கிறார்கள். உன்னைப் போல வளர்ந்த பிறகே பலருக்கும் விஷயம் தெரியவருவதற்கு இதுவும் ஒரு காரணம். அதுவரை வீட்டில் ‘கூச்சம்’ என்றோ ‘ராங்கி’ என்றோ பெயர் வைத்திருப்பார்கள். பத்து நாள் அப்படி நின்ற உடம்புக்கு ஓய்வு கிடைத்தது, அதுதான் உனக்கு நிம்மதியாகத் தெரிந்திருக்கிறது. அழுகை வராததற்காக உன்னை நீயே குற்றம் சொல்லிக்கொள்ளாதே.

கிணற்றடி விஷயமும் அப்படித்தான். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் தன் நோயறிதல் கையேட்டைத் திருத்தி வெளியிட்டபோது, சத்தம், வெளிச்சம், உறுத்தல் இவையெல்லாம் ஒருவருக்கு அளவுக்கு மீறித் தாக்குவதையும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் சேர்த்தது. நம் செட்டிநாட்டு வீடுகளில் வளவுகளின் அமைப்பும் உனக்குத் தெரியும். நாலு பக்கமும் பத்தி, நடுவில் வாசல், தகரக் கொட்டகை போட்டு மூடியிருப்பார்கள். அதற்குள் ரெண்டு தவில் சேர்ந்து முழங்கினால் எனக்கே நெஞ்சு அதிரும். நீ யாரையும் அவமதிக்கவில்லை, உன் காது தாங்கவில்லை. அன்றைக்கு உனக்கு வாய் வராததுக்கும் காரணம் உண்டு. என்ன உணர்கிறோம் என்பதைக் கண்டுபிடித்துப் பெயர் சொல்லத் திணறுவதை அலெக்ஸிதைமியா என்கிறார்கள். ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. ரெண்டு நாள் கழித்துத்தான் பதில் தோன்றுகிறது என்றால், ரெண்டு நாள் கழித்துச் சொல்.

இந்த இடத்தில் எனக்கு என் ஆயா, அதாவது என் பாட்டி, ஞாபகம் வருகிறது. ஆயாவின் கணவர், எங்கள் ஐயா, பர்மாவில் ஏஜெண்டாக இருந்தவர். அந்தக் காலத்தில் மூன்று வருஷக் கணக்கு முடிந்தால்தான் ஊருக்கு வருவார்கள். அவர் வந்த நாளைப் பற்றி ஆயா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: “முகப்புல ஆம்பளைங்க பேச்சுக் கேக்கும். அதுல அவுக குரல் எதுன்னு எனக்குத் தெரியாது. ரெண்டாங்கட்டுல தூணைப் புடிச்சுக்கிட்டு நிப்பேன். பழக ஒரு மாசம் ஆகும்.” ஆனால் ஐயா எழுதிய கடிதங்களை ஒரு ஓலைக் கொட்டானில் போட்டு, சாகும்வரை தலைமாட்டில் வைத்திருந்தார் ஆயா. ஒன்றில்கூட ‘உன்னை நினைத்தேன்’ என்று கிடையாது. ‘ஊறுகாய் வந்து சேர்ந்தது, உப்புத் தூக்கல், ஆனாலும் தீர்ந்துவிட்டது’ என்று இருக்கும். ஆயாவுக்கு அது போதும். அவருக்கு ஆட்டிசம் என்று நான் சொல்ல வரவில்லை. எழுத்தில் நெருங்கியவர்கள் நேரில் மறுபடி பழக வேண்டியிருப்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை, அதற்காகத்தான் சொன்னேன்.

சரி, அவரிடம் சொல்வதா? சொல்லத்தான் வேண்டும், அவர் ஊருக்கு வருவதற்கு முன்பே. இதில் எனக்கு ரெண்டாவது யோசனையே இல்லை. உன் மௌனத்துக்கு அவர் தானாக ஒரு அர்த்தம் கற்பித்துக்கொள்கிறார், அவர் கேள்விக்கு நீ ஒரு அர்த்தம் கற்பித்துக்கொள்கிறாய். டேமியன் மில்டன் என்கிற பிரிட்டிஷ் சமூகவியலாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், 2012-ல் இதைத்தான் எழுதினார். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர்கள் புரியாத மாதிரியே, மற்றவர்களுக்கும் அவரைப் புரிவதில்லை, சிக்கல் ரெண்டு பக்கமும் இருக்கிறது என்றார். பழி முழுவதையும் உன் தலையில் நீ ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை. அதே சமயம், உன் சார்பில் சொல்ல வேண்டியதை நீதான் சொல்ல வேண்டும்.

வீடியோ காலில் சொல்லாதே, எழுது. உனக்கு எழுத்து வருகிறது. பாடம் மாதிரி எழுதாமல் அந்தக் கல்யாண வீட்டிலிருந்து ஆரம்பி. ‘அன்றைக்கு நான் எழுந்து போனதற்குக் காரணம் சத்தம். உங்கள் ஆட்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. எனக்கு ஆட்டிசம் இருக்கிறது என்று போன வருஷம் தெரிந்தது.’ இப்படி மூன்று வரி போதும் முதலில்.

தினசரிப் பேச்சுக்கும் ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சிங்கப்பூர் நம்மைவிட ரெண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நீ வேலை முடிந்து, குளித்துச் சாப்பிட்டு எட்டரைக்கு போனை எடுத்தால் அங்கே பதினொன்று. ரெண்டு பேருமே களைத்திருக்கும் நேரத்தில் முகம் பார்த்துப் பேசச் சொன்னால் என்ன வரும்? வாரத்தில் ரெண்டு நாள் மட்டும், எந்த நாள், எத்தனை நிமிஷம் என்று முன்கூட்டியே பேசி வை. மற்ற நாளில் மெசேஜ். பேசத் தெம்பில்லாத நாளுக்கு ஒரு சொல் வைத்துக்கொள்ளுங்கள், ‘கொட்டான்’ என்று வேண்டுமானாலும் வைத்துக்கொள். அது வந்தால் ‘கோபம் இல்லை, களைப்பு, நாளை பேசலாம்’ என்று அர்த்தம். பதில் வராத ராத்திரியில் அவர் எதையும் கற்பனை செய்ய வேண்டியிருக்காது. இன்னொன்றும் முயன்று பார். போனை ஆன் செய்து ஓரமாக வைத்துவிட்டு, அவர் அங்கே சமைக்கட்டும், நீ இங்கே உன் கணக்கைப் பார். பேச வேண்டாம், முகத்தைப் பார்க்க வேண்டாம். கரண்டிச் சத்தமும் நீ பேப்பர் புரட்டும் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். பேசாமல் கூட இருப்பது உன்னைப் போன்ற பலருக்குப் பேச்சைவிடப் பெரிய நெருக்கம்.

இனி நான் சொல்லப்போவது உனக்குக் கொஞ்சம் கசக்கலாம். தூரம் உனக்கு வசதியாக இருக்கிறது. அதில் தப்பில்லை. ஆனால் கல்யாணம் என்று வந்துவிட்டால் தூரம் போய்விடும், அப்போது அவருக்குத் தெரிந்த பெண்ணாக எழுத்தில் இருக்கும் நீ மட்டுமே இருப்பாய். தையில் அவர் வரும்போது விசேஷம், விருந்து என்று ஓடாதீர்கள். சாதாரண நாட்களை ஒன்றாகக் கழித்துப் பாருங்கள். வந்த அன்றைக்கே பார்க்க வேண்டாம், மறுநாள் பாருங்கள். ஒரு நாள் சந்தித்தால் மறுநாள் உனக்கு ஓய்வு. நம் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கு ஒரு காலையில் போய் வாருங்கள். கண்மாய்க்கரையில் நின்றால் ரெண்டு பேரும் பறவையைத்தான் பார்ப்பீர்கள், ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் அந்தப் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை, பல வருஷமாக. கொக்குக்கும் நாரைக்கும் ஒரு ஊரே சத்தத்தைக் குறைக்கிறது. உனக்காகத் தவிலைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்ல ஒரு குடும்பத்தால் முடியாதா என்ன?

அவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று கவனி. முதல் நாள் திகைக்கலாம், நிறையக் கேள்வி கேட்கலாம், அதெல்லாம் இயல்பு. ‘எல்லாம் நடிப்பு’, ‘கல்யாணமானால் சரியாகிவிடும்’ என்று ஒரு மாதம் கழித்தும் சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்து. ஆட்டிசம் காய்ச்சல் மாதிரி வந்து போகிற விஷயம் இல்லை, வாழ்நாள் முழுக்க இருப்பது. அவருக்குச் சந்தேகம் இருந்தால் உன் டாக்டரிடமே அவரையும் கூட்டிப் போ. உன் அப்பச்சி, ஆத்தாவிடம் சொல்வது அதற்குப் பிறகு இருக்கட்டும். அப்போது நீங்கள் ரெண்டு பேராக உட்கார்ந்து சொல்லலாம்.

பேச்சு கூடி வந்தால் ஒன்று செய்யுங்கள். நகரத்தார் கல்யாணத்தில் இசைகுடிமானம் எழுதுகிறோம், ரெண்டு வீட்டாரும் ஒத்துக்கொண்டதை எழுத்தில் வைத்துக் கையெழுத்துப் போடுகிறோம். சீர் சாமான் லிஸ்டில் கரண்டி வரைக்கும் விடமாட்டோம். நீங்கள் ரெண்டு பேரும் உங்களுக்கென்று ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். எந்த ஊரில் குடியிருப்பது, வீட்டில் உனக்கென்று கதவு சாத்திக்கொள்ள ஒரு அறை, மாதத்துக்கு எத்தனை விசேஷம், எந்தச் சடங்கில் நீ எழுந்து போகலாம், எழுந்து போனால் உறவுகளிடம் அவர் என்ன சொல்ல வேண்டும். குறிப்பால் உணர்த்துவதும் ஜாடையில் கேட்பதும் உனக்கு ஒத்துவராது. இதை எழுதக் கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

அந்த மூன்று வரியை இந்த வாரமே எழுதிவிடு. ஞாயிற்றுக்கிழமை, அவருக்கு லீவு நாளாகப் பார்த்து அனுப்பு. அனுப்பியதும் போனை அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உனக்குப் பிடித்த வேலை எதையாவது பார். அவருக்கும் பதில் எழுத ரெண்டு நாள் ஆகலாம்.