இட்லி அடைக்குது, அல்வா படபடக்குது: பைபாஸுக்குப் பின் ஏழாவது வாரம்

அண்ணாச்சி, இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சின்னதாக்கிக் குடலோடு நேராக இணைக்கும் அறுவை) முடிந்த ஏழாவது வாரத்தில் அரை இட்லிக்கே நெஞ்சடைக்குது, ஒரு வாய் அல்வாவுக்கு வேர்த்துப் படபடக்குதுன்னு எழுதியிருக்கீங்க. இரண்டுக்கும் காரணம் வேறு.

அல்வாவின் சர்க்கரை நேராகச் சிறுகுடலில் இறங்கி அங்கே தண்ணீரை இழுக்கிறது. அரை மணிக்குள் வேர்வை, படபடப்பு, சில சமயம் வயிற்றுப்போக்கு. இதுதான் டம்பிங். கருப்பட்டிக் காப்பியும் பதநீரும் இதையே செய்யும். கருப்பட்டி உடம்புக்கு நல்லதுன்னு நம்பிக் குடிச்சிராதீங்க.

இட்லியைக் கூழாக மெல்லாமல் விழுங்கினால் பசையாக உருண்டு, இரைப்பையும் குடலும் சேரும் சின்ன வாயிலில் நிற்கும். சுண்டுவிரல் நகமளவு வாய், இருபது நிமிடச் சாப்பாடு. முதலில் புரதம்: குழைந்த பாசிப்பருப்பு, முள் நீக்கிய மீன், அவித்த முட்டை (ஒன்றில் 6 கிராம்). நாளுக்கு 60 கிராமாவது சேரணும். சொதியில் பருப்பையும் காயையும் எடுங்க, கெட்டித் தேங்காய்ப்பாலை விடுங்க. தண்ணீரைச் சாப்பாடு முடிந்து அரை மணி கழித்து, சின்னச் சின்ன மடக்காக, நாளுக்கு ஒன்றரை லிட்டர்.

இரும்பு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இரண்டு மணி இடைவெளி. இரும்போடு டீ வேண்டாம்.

ஒன்று மட்டும் தள்ளிப்போடாதீங்க. மென்று தின்றும் தினமும் அடைத்தால் இரைப்பையும் குடலும் சேரும் அந்த வாயில் சுருங்கியிருக்கலாம். பெரும்பாலும் இந்த வாரங்களில்தான் அது வரும். எண்டோஸ்கோப்பியில் விரிக்கலாம். வாந்தி நீடித்தால் தயமின் (வைட்டமின் பி1) குறைந்து நரம்பு கெடும். தண்ணீரே இறங்கலைன்னா அன்றைக்கே அறுவை செய்த டாக்டரிடம் போங்க.