பாஸ்டரம்மா துப்பறிந்தால்: வாசகர் கேள்விகள், டீச்சரின் பதில்கள்

இந்த மாதம் எங்கள் பினாங்கு வாசகர் வட்டத்தில் எடுத்துக்கொண்டது கேத்தரின் ஹால் பேஜ் என்ற அமெரிக்க எழுத்தாளரின் துப்பறியும் கதைவரிசை. கதாநாயகி ஃபெய்த் ஃபேர்சைல்ட் ஒரு பாஸ்டரின் மனைவி. நான் பல வருடமாக விரும்பிப் படித்துவரும் வரிசை என்பதால் பதில் சொல்லும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். கொலையாளி யார் என்று எங்கேயும் சொல்லவில்லை, நம்பிப் படிக்கலாம்.

டீச்சர், இருபத்தைந்துக்கு மேல் புத்தகம் இருக்கிறதே, எதில் தொடங்குவது? (வாசகி, பட்டர்வொர்த்)

முதல் புத்தகத்திலேயே தொடங்குங்கள். 'த பாடி இன் த பெல்ஃப்ரி', 1990. நியூயார்க்கில் வளர்ந்த ஃபெய்த், திருமணமாகி மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஏல்ஃபோர்ட் என்ற சின்ன ஊருக்கு வருகிறாள். ஊர் கற்பனை ஊர். ஒருநாள் கைக்குழந்தையோடு பழைய மணிக்கூண்டுக்கு ஏறிப் போகிறாள். அங்கே ஓர் இளம்பெண்ணின் சடலம், இன்னும் சூடு ஆறவில்லை. பயத்தில் மணியைப் பிடித்து அடித்துவிடுகிறாள். அந்த மணியைக் கண்டபடி அடிக்கக்கூடாது என்பது ஊர் மரபு. பரம்பரைப் பெருமை பேசும் மில்லிசென்ட் என்ற அம்மாள் வரிசை முழுக்க அதை மன்னிக்கவே மாட்டார்! ஒரு பெண் செத்துக் கிடக்கும்போது மணியைப் பற்றிப் பேசும் ஊர் எப்படிப்பட்டது என்று அந்த ஒரே காட்சியில் புரிந்துவிடும். இந்த நாவல், துப்பறியும் கதைகளுக்குத் தரும் அகதா விருதை, அறிமுக நாவல் பிரிவில் வாங்கியது. பரிசாகக் கொடுப்பது ஒரு தேநீர்க் கெண்டி.

நான் ரத்தம் பார்த்தால் மயங்கும் ஆள். படிக்கலாமா? (வாசகர், ஆயர் ஈத்தாம்)

தாராளமாக. இந்த வகைத் துப்பறியும் கதைகளில் கொலை நடக்கும், ஆனால் வெட்டு, குத்து, சித்திரவதையை விவரித்து எழுதமாட்டார்கள். ஊரும் உறவும் பழைய பகையும்தான் கதை.

துப்பறிய எத்தனையோ பேர் இருக்கும்போது ஏன் ஒரு பாஸ்டர் மனைவி? (வாசகி, ஜெலுத்தோங்)

என்னைக் கேட்டால், இந்த வரிசையின் உயிரே அதில்தான் இருக்கிறது. நம் சபைகளையே பாருங்கள். சாவு வீட்டில் முதலில் சமையலறைக்குள் போகிறவர் பாஸ்டரம்மா. மருத்துவமனையில் கட்டிலோரம் உட்காருகிறவர் அவர். கல்யாணம் தட்டிப்போன பெண் அழுவதும், மருமகளோடு பேச்சை நிறுத்திய மாமியார் வந்து கொட்டுவதும் அவரிடம்தான். எல்லா வீட்டுக் கதவும் திறக்கும், ஆனால் கையில் எந்த அதிகாரமும் கிடையாது. போலிஸ்காரர் கேட்டால் ஜனங்கள் யோசித்துப் பேசுவார்கள். பாஸ்டரம்மா கேட்டால், தேநீர் ஆறுவதற்குள் பாதிக் கதை வந்துவிடும்.

இன்னொரு பக்கமும் உண்டு, அது கனமானது. அவர் கேட்டதையெல்லாம் வெளியே சொல்ல முடியாது. சந்தேகப்படுகிற ஆள் ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருப்பார், அவருக்குக் கைகொடுத்துச் சிரிக்கவேண்டும். தவறான ஆளைச் சந்தேகித்தால் ஒரு குடும்பமே சபையை விட்டுப் போய்விடும். கூலிக்குத் துப்பறிகிறவருக்கு இந்தப் பயம் இல்லை. ஃபெய்த் ஒவ்வொரு கேள்வியையும் கேட்கும்போது கணவர் டாமின் ஊழியமும் சேர்ந்து ஆடுகிறது. புதிர் சுமாராக இருக்கும் புத்தகங்களில்கூட என்னைக் கடைசிவரை இழுத்துப் போவது இதுதான்.

ஃபெய்த் கேட்டரிங் தொழில் நடத்துகிறாள், நல்ல உடைக்கு ஆசைப்படுகிறாள். இப்படியும் ஒரு பாஸ்டரம்மாவா? என் அம்மா பாஸ்டர் மனைவியாக இருந்தவர், தனக்கென்று ஒன்றுமே வைத்துக்கொண்டதில்லை. (வாசகி, சுங்கை பட்டாணி)

உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம்மா. ஃபெய்த்தும் பாஸ்டர் வீட்டுப் பிள்ளைதான். அப்பா பாஸ்டர், தாத்தா பாஸ்டர். அந்த வாழ்க்கையை உள்ளிருந்து பார்த்ததால், அவளும் தங்கை ஹோப்பும் பாஸ்டரை மட்டும் கட்டிக்கொள்ளவே கூடாது என்று முடிவெடுத்தவர்கள். அப்புறம் நியூயார்க்கில் ஒரு கல்யாணத்துக்குச் சமைக்கப் போன இடத்தில் டாமைச் சந்திக்கிறாள். அவர் பாஸ்டர் என்று தெரிவதற்குள் மனசு போய்விட்டது.

சபை அவளிடம் சம்பளமில்லாத வேலை நிறைய எதிர்பார்க்கிறது. நல்லதைச் செய்கிறாள், சிலதற்கு முடியாது என்கிறாள், தன் தொழிலை விடவில்லை. உங்கள் அம்மா தலைமுறைக்கு அந்த 'முடியாது' கிடைக்கவில்லை. எழுத்தாளர் அதைத் தன் கதாநாயகிக்குக் கொடுத்தார், அதனாலேயே எனக்கு அவர் மேல் மரியாதை.

அகதா கிறிஸ்டி இதை முன்பே எழுதவில்லையா? (வாசகர், தைப்பிங்)

பக்கத்தில் வந்தார். 1930-இல் வந்த முதல் மிஸ் மார்ப்பிள் நாவலில் சடலம் கிடப்பதே பாஸ்டரின் படிப்பறையில். கதையைச் சொல்கிறவரும் பாஸ்டர்தான். அவருடைய இளம் மனைவி கிரிசெல்டா கலகலப்பான பெண். ஆனால் துப்பறிவது பக்கத்து வீட்டுக் கிழவி மிஸ் மார்ப்பிள்.

நான் இந்து. சபை விஷயங்கள் புரியுமா? (வாசகர், பாயான் பாரு)

புரியும் ஐயா. கோயில் கமிட்டிக் கூட்டத்தில் ஒருமுறை உட்கார்ந்தவருக்கு ஏல்ஃபோர்ட் சபைக் கூட்டம் விளக்கம் இல்லாமலே புரியும்.

ஒரே சின்ன ஊரில் இத்தனை கொலையா? நம்ப முடியவில்லை அக்கா. (வாசகர், புக்கிட் மெர்த்தாஜாம்)

நியாயமான கேள்வி தம்பி. நியூ இங்கிலாந்தின் பழைய சபைகளில் போதகரைச் சபையாரே தேர்ந்து அழைக்கும் மரபு, அவர் பல காலம் அங்கேயே இருக்கலாம். அதனால் ஃபெய்த் ஏல்ஃபோர்டிலேயே இருக்கிறாள். எழுத்தாளரும் இந்தச் சிக்கலை உணர்ந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். சில கதைகளை மேய்ன் மாநிலத்துத் தீவுக்கும், ஒன்றை பிரான்சின் லியோனுக்கும், ஒன்றைத் திருமணத்துக்கு முந்திய நியூயார்க் நாட்களுக்கும் கொண்டுபோனார்.

நம் ஊரில் எழுதினால் இந்தச் சிக்கலே வராது. இங்கே மெதடிஸ்ட் சபையில் எந்த பாஸ்டர் எங்கே போகவேண்டும் என்பதை பிஷப் அறிவிப்பார். சில வருடத்தில் மூட்டை கட்டவேண்டும். முதல் புத்தகம் பினாங்கில், அடுத்தது கோலாலம்பூரின் செந்தூலில், அதற்கடுத்தது தோட்டப்புறத்துச் சின்னச் சபையில். பழகிய முகங்களை விட்டுவிட்டு, யாரையும் தெரியாத ஊரில் புதிதாகத் தொடங்கவேண்டும். பாஸ்டர் குடும்பங்களுக்கு அது எவ்வளவு வலி என்று எனக்குத் தெரியும். கதைக்கு அந்த வலியும் நல்லது.

அதையே கேட்க வந்தேன் டீச்சர். பினாங்கில் நடக்கும் கதை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். போலிஸ், சட்டம் எதையெல்லாம் கவனிக்கவேண்டும்? (வாசகி, ஜார்ஜ்டவுன்)

எழுதுங்கள் தங்கச்சி, சீக்கிரம் எழுதுங்கள்! திடீர் மரணம் என்றால் மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 329-ஆம் பிரிவின்படி போலிஸ் விசாரிக்கவேண்டும். சாட்சிகளிடம் வாக்குமூலம் வாங்குவது 112-ஆம் பிரிவு. உங்கள் பாஸ்டரம்மா பாலாயில், அதாவது போலிஸ் நிலையத்தில், உட்கார்ந்து அதற்குத்தான் பதில் சொல்வார். கொலைக்குத் தண்டனைச் சட்டத்தின் 302-ஆம் பிரிவு. அதில் கட்டாய மரண தண்டனை 2023-இல் போய்விட்டது, இப்போது நீதிபதி தண்டனையைத் தீர்மானிக்கலாம். பழைய நாவல்களைப் பார்த்து 'தூக்கு நிச்சயம்' என்று எழுதிவிடாதீர்கள்.

இதைவிட ருசியான விஷயம் ஒன்று இருக்கிறது. மாசச்சூசெட்ஸ் சட்டத்தில் மதகுருவிடம் சொன்ன ரகசியத்துக்குப் பாதுகாப்பு உண்டு. நம் 1950-ஆம் வருடத்துச் சாட்சியச் சட்டத்தில் 126-ஆம் பிரிவு வழக்கறிஞரிடம் சொன்னதைக் காக்கிறது, பாஸ்டரிடம் சொன்னதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் 122-ஆம் பிரிவு கணவன் மனைவி தமக்குள் பேசிக்கொண்டதைக் காக்கிறது. யோசித்துப் பாருங்கள். சபையார் ஒருவர் பாஸ்டரிடம் வந்து ஒன்றைச் சொல்கிறார். பாஸ்டர் தூக்கம் வராமல் இரவு மனைவியிடம் சொல்கிறார். நீதிமன்றத்தில் முதல் பேச்சுக்குப் பாதுகாப்பு இல்லை, இரண்டாவதற்கு இருக்கிறது. ஒரு முழு நாவலை இதன்மேல் கட்டலாம். சட்ட நுணுக்கத்தை மட்டும் ஒரு வழக்கறிஞரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தடயத்துக்கு வெளியே தேடாதீர்கள், சபைச் சமையலறையிலேயே கிடைக்கும். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பொட்லக் விருந்துக்கு வரும் பாத்திரங்களின் அடியில் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருப்போம் இல்லையா? எல்லாரும் போனபின் பாஸ்டரம்மா கழுவி அடுக்கும்போது ஒரு டப்பாவில் டேப் உரித்த பசை மட்டும் இருக்கிறது. மூடியோ இன்னொருத்தர் வீட்டு மூடி. எந்த வீட்டு அலமாரியில் எந்தப் பாத்திரம் என்று அவருக்குத் தெரியும். பாலாயில் இருக்கிற யாருக்கும் தெரியாது.

ஒரே வேண்டுகோள். இறந்தவருக்காக யாராவது உண்மையாக அழட்டும். மென்மையான கதை என்பதற்காகச் சடலத்தை விளையாட்டுப் பொருளாக்கிவிடக்கூடாது. ஃபெய்த் கதைகளில் சாவு என்றால் அடக்க ஆராதனையும் உண்டு, துக்க வீட்டுக்குச் சாப்பாடும் போகும்.

கதையில் வருகிறவர்களுக்கு வயது ஏறுமா, அப்படியேவா? (வாசகி, நிபோங் திபால்)

ஏறும், மெதுவாக. கைக்குழந்தையாக வந்த பென் பிந்திய நூல்களில் கல்லூரிப் பையன். அதற்காகவாவது வரிசைப்படி படிக்கலாம்.

எங்கே கிடைக்கும்? (பலர்)

பழைய பதிப்புகளுக்குச் சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் உள்ள பழைய புத்தகக் கடைகளைப் பாருங்கள். வரிசைத் தலைப்புகள் எல்லாம் 'த பாடி இன் த' என்றே தொடங்கும், அடுக்கில் கண்ணில் பட்டுவிடும். கடைக்காரரிடம் பெயர் சொல்லிவைத்தால் வந்ததும் எடுத்துவைப்பார். முதல் சில புத்தகங்களுக்குப் பிறகு முடிவில் சமையல் குறிப்புகளும் சேர்ந்துவிட்டன. அதனால் வாங்குமுன் கடைசிப் பக்கம்வரை புரட்டிப் பாருங்கள். கிழிந்திருந்தால் கொலையாளியும் போச்சு, கேக்கும் போச்சு. மின்னூலாகவும் வாங்கலாம், கண்ணாடி போட்டும் சின்ன எழுத்து தெரியாதவர்களுக்கு அதுவே சௌகரியம்.