விண்டோஸை மறுபடி நிறுவும் முன்: உங்கள் கணினிக்கு ஏற்கெனவே உரிமம் இருக்கிறதா?

பேராக், சுங்கை சிப்புட்டில் அச்சகமும் ஆவணத் தட்டச்சுக் கடையும் நடத்தும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கடையில் மூன்று கணினிகள் உள்ளன. இரண்டு, ஈப்போவில் வாங்கிய பழைய அலுவலகக் கணினிகள். மூன்றாவது, உள்ளூர் இளைஞர் ஒருவர் பாகங்களை வாங்கிச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தது. சில வாரங்களாக மூன்றிலுமே திரையின் வலது மூலையில் உரிமம் உறுதியாகவில்லை என்று சொல்லும் ‘ஆக்டிவேட் விண்டோஸ்’ என்ற மங்கலான எழுத்து நிற்கிறது. வழக்கமாகப் பழுதுபார்க்க வருபவர், கணினி ஒன்றுக்கு எண்பது ரிங்கிட் கொடுத்தால் ஃபார்மட் செய்து புதிதாகப் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். “இந்த முறை சட்டப்படியான விண்டோஸையே போட விரும்புகிறேன். மூன்றுக்கும் காசு கொடுத்து வாங்க வேண்டுமா? பதினைந்து ஆண்டுக் கல்யாணப் பத்திரிகைகளும் கடைக் கணக்கும் அழிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது” என்கிறார்.

மூன்றுக்கும் வாங்க வேண்டியிருக்காது என்றே நினைக்கிறேன். விண்டோஸ் உரிமம் என்பது பென்டிரைவில் வரும் கோப்பு அல்ல. குறிப்பிட்ட ஒரு கணினியில் அதைப் பயன்படுத்துவதற்கான அனுமதி. கோப்புகளை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பெரிய நிறுவனங்கள் தயாரித்து விற்ற கணினிகளில், விண்டோஸ் 8 காலத்திலிருந்து, அந்த அனுமதிக்குரிய சாவி எண் கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டுக்குள்ளேயே எழுதப்பட்டு வருகிறது. உங்கள் இரண்டு அலுவலகக் கணினிகளும் அந்த வகையாகத்தான் இருக்க வேண்டும். முதலில் வாங்கிய நிறுவனம் அதற்கான விலையைக் கொடுத்துவிட்டது. அந்த உரிமம் பெட்டியோடு சேர்ந்தே உங்கள் கடைக்கு வந்திருக்கிறது. இடையில் விற்றவர் அவசரத்துக்கு வேறொரு பதிப்பை மேலே போட்டிருப்பார். சொந்தச் சாவி உள்ளே உறங்க, வேறு சாவி ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது எந்த வகைச் சாவி ஓடுகிறது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தினால் சிறு பெட்டி ஒன்று திறக்கும். அதில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்று சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, வலப்பக்கம் சாய்ந்த கோடு ஒன்றைப் போட்டு, அதை ஒட்டி டி, எல், ஐ என்று அடித்து எண்டர் தட்டுங்கள். சில நொடிகளில் வரும் பெட்டியின் இரண்டாவது வரியில் ‘சேனல்’ என்ற சொல்லுக்கு முன்னால் இருப்பதைப் படியுங்கள். ‘ஓஇஎம்’ என்று இருந்தால் கணினியோடு வந்த உரிமம். ‘ரீடெயில்’ என்றால் பெரும்பாலும் தனியாக விற்கப்பட்டது. ‘வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட்’ என்று இருந்தால் நீங்கள் கவலைப்பட வேண்டும்.

கேஎம்எஸ் என்பது பல்கலைக்கழகம், வங்கி போன்ற பெரிய அமைப்புகளுக்கான ஏற்பாடு. அந்த அமைப்பு சொந்தமாக ஒரு சர்வர், அதாவது மையக் கணினி, வைத்திருக்கும். குறைந்தது 25 கணினிகள் அதனிடம் பதிந்த பிறகுதான் அது விண்டோஸை ஆக்டிவேட் செய்யத் தொடங்கும். ஒவ்வோர் ஆக்டிவேஷனும் 180 நாள்தான் செல்லும், அதற்குள் கணினி அந்தச் சர்வரைத் தொட்டுப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். மூன்று கணினி உள்ள கடையில் இது சட்டப்படி அமைவதற்கு வழியே இல்லை. அப்படியானால் உள்ளே ஒரு போலிச் சர்வர் ஓடிக்கொண்டிருந்தது என்று பொருள். அது நின்றதும் தவணை கழிந்து மூலையில் எழுத்து வந்துவிட்டது.

இந்தப் போலிக் கருவிகளைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அவற்றை நிறுவுவதற்கு முன் வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொல்வார்கள். சில ஆண்டுகளுக்கு முன் தோட்டப்புறத்துக் கணக்கு அலுவலகம் ஒன்றில் ஒரு கணினியைத் திறந்து விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான விண்டோஸ் செக்யூரிட்டி எவற்றைச் சோதிக்காமல் விட வேண்டும் என்று சொல்லும் விதிவிலக்குப் பட்டியலைப் பார்த்தேன். அதில் ஒரே ஒரு வரி இருந்தது: சி டிரைவ் முழுவதும். வைரஸ் தடுப்பு பச்சை விளக்கோடு ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் எதையும் பார்க்கவில்லை. அந்தக் கணினியில்தான் தொழிலாளர்களின் அடையாள அட்டை நகல்களும் வங்கிக் கணக்கு எண்களும் இருந்தன. உங்கள் கடையிலும் மக்கள் நம்பி அப்படிப்பட்ட தாள்களைத்தான் கொண்டுவந்து தருகிறார்கள். சட்டத்தைவிட எனக்கு இதுவே பெரிய காரணமாகத் தோன்றுகிறது.

சட்டமும் சிறியதல்ல. மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 41ஆவது பிரிவுப்படி, வீட்டு உபயோகத்துக்கு அல்லாமல் திருட்டுப் பிரதியை வைத்திருப்பவருக்கு முதல் குற்றத்தில் ஒவ்வொரு பிரதிக்கும் 2,000 ரிங்கிட்டுக்குக் குறையாமலும் 20,000 ரிங்கிட்டுக்கு மிகாமலும் அபராதமோ, ஐந்து ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஒரே படைப்பின் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பிரதிகள் ஒருவரிடம் இருந்தால், அவை சொந்த உபயோகத்துக்கானவை அல்ல என்றே சட்டம் அனுமானிக்கும். அதை மறுத்து நிரூபிப்பது அவர் பொறுப்பு. உங்கள் கடையில் இருப்பது மூன்று கணினிகள் என்பதை நினைவில் வையுங்கள்.

அடுத்து, கணினிகளின் வயதைப் பாருங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டன. ஆகவே இப்போது நிறுவினால் விண்டோஸ் 11தான் நிறுவ வேண்டும். அதற்கு 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்புச் சில்லு ஆகியவற்றோடு, இன்டெல் எனில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியாவது தேவை. செட்டிங்ஸில் சிஸ்டம், பிறகு அபவுட் என்று போனால் செயலியின் பெயர் தெரியும். ஐ5 என்பதற்குப் பின் 8500 என்று இருந்தால் எட்டாம் தலைமுறை, 6500 என்று இருந்தால் ஆறாம் தலைமுறை. எட்டு என்றால் கவலையில்லை: போர்டில் உள்ள விண்டோஸ் 10 சாவியே விண்டோஸ் 11ஐயும் ஆக்டிவேட் செய்யும். ஆறு என்றால், தடையைச் சுற்றிக்கொண்டு நிறுவும் வழிகளை இணையத்தில் காட்டுவார்கள். கடைக் கணினிக்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். நிறுவனங்களுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் விண்டோஸ் 10க்கு மேலும் மூன்று ஆண்டு வரை திருத்தங்கள் கிடைக்கும் என்றாலும், முதல் ஆண்டுக்கே கணினி ஒன்றுக்கு 61 அமெரிக்க டாலர், பின்பு ஆண்டுதோறும் இரட்டிப்பு என்பதால், பழைய பெட்டிக்கு அது கட்டுபடியாகாது. அந்தக் கணினியில் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் மின்ட்டையும், வேர்டு, எக்செல் போன்ற வேலைகளுக்கான லிப்ரே ஆபீஸையும் நிறுவி, படிவம் நிரப்பவும் பிரின்ட் எடுக்கவும் வையுங்கள். இரண்டும் இலவசம், முழுக்கச் சட்டப்படியானவை.

கட்டிக் கொடுத்த மூன்றாவது கணினியின் போர்டில் சாவி இருக்காது. அதற்கு மட்டும் வாங்குங்கள். வாங்கும்போது ரீடெயில் உரிமமாக வாங்குங்கள். ஓஇஎம் உரிமம் போர்டோடு கட்டுண்டது. ரீடெயில் உரிமத்தைப் பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டுப் புதியதற்கு மாற்றிக்கொள்ளலாம். மாலை இடியில் மதர்போர்டு கருகுவது நம் பக்கத்தில் புதிதல்ல என்பதால், இந்த வேறுபாட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் விலை வீண்போகாது. இணையச் சந்தைகளில் இருபது, முப்பது ரிங்கிட்டுக்கு விற்கப்படும் வெறும் சாவி எண்களைத் தொடாதீர்கள். எங்கோ ஒரு நிறுவனத்தின் மொத்த உரிமத்திலிருந்து உருவி எடுத்த எண்ணாக இருக்கலாம். இன்று ஆக்டிவேட் ஆகி நாளை முடக்கப்படலாம். மேலே சொன்ன சோதனையில் ‘ரீடெயில்’ என்று வந்தாலும் அது மட்டுமே அத்தாட்சி ஆகாது. வாங்கிய ரசீதுதான் அத்தாட்சி.

இனி உங்கள் கோப்புகள். ஃபார்மட் என்றாலே எல்லாம் அழியும். அதற்கு முன் இரண்டு தனித்தனி வெளி டிஸ்க்குகளில் நகல் எடுங்கள், எடுத்ததை வேறொரு கணினியில் திறந்தும் பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நகலாக எண்ண வேண்டாம். ஆவணங்களையும் படங்களையும் மட்டும் எடுங்கள். பழைய நிறுவல் கோப்புகளை விட்டுவிடுங்கள், அவற்றோடுதான் பழைய நோயும் தொற்றி வரும். கணக்கு மென்பொருளின் ஃபோல்டரை அப்படியே இழுத்துப் போடாமல், மென்பொருளுக்குள் இருக்கும் பேக்கப் கட்டளையால் எடுங்கள். அந்த மென்பொருளின் உரிமத்தையும் ஃபார்மட்டுக்கு முன் விடுவிக்க வேண்டுமா என்று விற்றவரிடம் கேளுங்கள். வருமான வரிக்காகக் கணக்குப் பதிவுகளை ஏழு ஆண்டு வைத்திருப்பது உங்கள் கடமை. டிஸ்க், விண்டோஸின் மறையாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணையும் முதலிலேயே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

அச்சகத்தில் எல்லாரும் மறக்கும் ஒன்று எழுத்துரு. பதினைந்து ஆண்டுக்கு முந்தைய பத்திரிகைகள் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அமைந்திருக்கக்கூடும். அந்த எழுத்துரு இல்லாமல் கோப்பைத் திறந்தால் மணமக்கள் பெயர் இருந்த இடத்தில் பொருளற்ற ஆங்கிலக் குறிகள் நிற்கும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுதாக நகல் எடுத்துவிடுங்கள். விண்டோஸின் தமிழ் எழுத்துருவான லதாவும் புதிய நிறுவலில் தானாக வராது. செட்டிங்ஸில் தமிழ்த் துணை எழுத்துருக்களைக் கூடுதல் வசதியாகச் சேர்க்க வேண்டும். தமிழ் 99, அஞ்சல் ஆகிய இரண்டு விசைப்பலகைகளும் விண்டோஸிலேயே இருக்கின்றன; மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்து, வேண்டிய விசைப்பலகையைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

நிறுவுவதற்கு, மைக்ரோசாஃப்ட் தளத்தின் மீடியா கிரியேஷன் கருவியால் 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றை நீங்களே தயார் செய்து வையுங்கள். அதைச் சுத்தமான கணினியில் செய்ய வேண்டும். நண்பருடையதோ உறவினருடையதோ போதும். தொடங்கும் முன் நகல் டிஸ்க்குகளைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். தவறான டிஸ்க்கை அழித்துவிட்டுத் தலையில் கைவைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிறகு கணினி டிஸ்க்கின் பழைய பகுதிகளையெல்லாம் (பார்ட்டிஷன்) நீக்கிவிட்டு வெற்றிடத்தில் நிறுவ வேண்டும். போர்டில் சாவி இருந்தால் நிறுவும் நிரலே அதை எடுத்துக்கொண்டு, எண் கேட்காமல் நகரும். கேட்டால் ‘சாவி இல்லை’ என்பதைத் தேர்ந்து, அந்தக் கணினிக்குரிய பதிப்பையே போடுங்கள். ஹோம் உரிமம் புரோவைத் திறக்காது. இணையம் வந்ததும் ஆக்டிவேஷன் தானாக நடக்கும். நெட்வொர்க் டிரைவர் இல்லாமல் நின்றுவிட்டால் கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து டேட்டாவைப் பகிருங்கள்.

பழுதுபார்ப்பவரின் எண்பது ரிங்கிட் அவருடைய நேரத்துக்கான கூலி. அது நியாயமானதே, உரிமம் அதில் அடங்காது. உங்கள் பென்டிரைவைக் கொடுத்து, ஆக்டிவேட்டர் எனும் அந்தப் போலிக் கருவி எதையும் போட வேண்டாம் என்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள். அதிகம் பயன்படாத கணினியில் தொடங்கி, பிரின்டரும் பழைய பத்திரிகைக் கோப்புகளும் அதில் ஒரு வாரம் ஒழுங்காக ஓடிய பிறகு அடுத்ததைக் கொடுங்கள். ஊழியர் சேமநிதியும் பெர்கேசோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் சந்தாவும் ஒவ்வொரு மாதமும் 15ஆம் நாளுக்குள் செலுத்தப்பட வேண்டும் என்பதால், கணக்கு இருக்கும் கணினியைக் கடைசியாக, அந்த நாள் கழிந்த ஒரு சனிக்கிழமை மாலையில் கொடுங்கள்.