இஞ்சித் தேநீர் திரைந்ததற்காகப் பால்காரரை நிறுத்திவிடாதீர்கள்

கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்திருக்கும் கணவர் அங்கே குடித்துப் பழகிய மசாலாத் தேநீரைக் கேட்கிறார் என்றும், பசும்பாலில் இஞ்சியும் ஏலமும் தட்டிப் போட்டுக் காய்ச்சினால் மூன்று நாளாகத் திரைந்து போகிறது என்றும், பால்காரர் முதல் நாள் பாலைக் கலந்து தருகிறாரா, ஆளை மாற்றலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆளை மாற்ற வேண்டாம், இஞ்சி போடும் வேளையை மாற்றுங்கள். நீங்கள் பச்சை இஞ்சியைத் தட்டி, பால் சூடேறும் முன்பே அதற்குள் போட்டு, பிறகுதான் அடுப்பை மூட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் செய்தோம், அதனால் ஒரு மனிதருக்கு நாங்கள் செய்த அநியாயம் இன்றைக்கும் என் மனத்தில் கிடக்கிறது.

2011 ஆம் ஆண்டு என் தங்கைக்குச் சம்பந்தம் பேசி, திருக்கோவிலிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் களுவாஞ்சிகுடிக்கு வருவதாக இருந்தது. வருகிறவர்களுக்கு வெறுந் தேத்தண்ணியோ பால்மாத் தேத்தண்ணியோ கொடுக்கக் கூடாது, பசும்பாலில் இஞ்சி, ஏலம், கறுவா எல்லாம் போட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் மாட்டுப் பட்டி வைத்திருந்த ஒருவரிடம்தான் நாங்கள் பால் வாங்கிவந்தோம். அவர் மண்டூர்த் துறையில் 'பாதை' என்னும் மிதவைப் படகில் ஏறி, வாவியைக் கடந்து குருமண்வெளியில் இறங்கி, சைக்கிளின் பின்னால் கட்டிய அலுமினியக் கானுடன் ஆறரை மணிக்கெல்லாம் எங்கள் தெருவுக்கு வந்துவிடுவார். வழியில் பால் அலம்பிச் சிந்தாதிருக்கக் கானின் வாய்க்குள் சுத்தமான வைக்கோலைச் சுருட்டிச் செருகியிருப்பார். அன்றைக்கு அவரிடம் மூன்று போத்தல் வாங்கினோம்.

ஒன்பது மணிக்கு வர வேண்டியவர்கள் தாமதமானார்கள். நான் உள்ளங்கை அளவு இஞ்சியை இடித்துப் பாலில் போட்டு, அவர்கள் வந்திறங்கும்போது பக்குவமாக இருக்கட்டும் என்று மிகச் சிறிய நெருப்பில் வைத்துவிட்டு, தங்கைக்குச் சேலை கட்டிவிடப் போனேன். கால் மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், பானையின் விளிம்பில் மஞ்சள் நிறத் தண்ணீர் பிரிந்து நிற்க, நடுவில் வெள்ளைக் கட்டிகள் மேலும் கீழுமாகப் புரண்டுகொண்டிருந்தன. அகப்பையால் அள்ளினேன், அவித்த முட்டையின் வெள்ளையைப் போல வழுக்கி விழுந்தன. வந்தவர்களுக்கு வெறுந் தேத்தண்ணிதான் கொடுத்தோம். அவர்கள் ஒன்றும் நினைக்கவில்லை, சம்பந்தமும் கூடிவந்தது. ஆனால் அம்மாவால் அதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

மறுநாள் விடியற்காலை அம்மா படலையில் காத்து நின்று, தெருவில் நாலு பேர் பார்த்திருக்க, "பழம்பாலத் தந்து எங்கட மானத்த வாங்கிப்போட்டாய்" என்று அவரை ஏசினார். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "விடிய கறந்த பால் அக்கா, பொய் சொல்ல மாட்டன்" என்று மட்டும் சொல்லி, கானின் வாயில் வைக்கோலைத் திரும்பச் செருகிக்கொண்டு சைக்கிளை உருட்டிப் போனார். அதன்பின் எங்கள் வீட்டுக்கு அவர் வரவில்லை. அம்மா சொன்னதைக் கேட்டு அயலில் இன்னும் இரண்டு வீட்டார் அவரை நிறுத்திவிட்டார்கள். நாங்கள் பால்மாவுக்கு மாறினோம். பால்மாவில் ஒருநாளும் திரையவில்லை, ஆகவே குற்றம் அவருடைய பாலில்தான் என்று பதினொரு வருடம் உறுதியாக நம்பியிருந்தோம்.

2022 மார்ச்சில் 400 கிராம் பால்மாப் பொதி 790 ரூபாய்க்கு ஏறி, கடைகளில் ஒரு கோப்பை பால் தேநீரை நூறு ரூபாய்க்கு விற்ற நாள்களில், வேறு வழியின்றிப் பசும்பாலுக்குத் திரும்பினோம். இந்த முறை பால் தந்தவர் வேறொருவர், பாலும் வேறு பட்டியின் பால். மூன்றாம் நாள் இஞ்சி போட்டேன், அதே மஞ்சள் தண்ணீர், அதே வெள்ளைக் கட்டிகள். நல்ல வேளையாக அன்று ஒரு போத்தல் பால் மிச்சமிருந்தது. அதைத் தனியே காய்ச்சினேன், ஒரு குறையுமில்லாமல் பொங்கி ஆடை கட்டியது. அந்தப் பாலிலேயே ஒரு கோப்பை எடுத்து, இஞ்சிச் சாறு மட்டும் விட்டு இளஞ்சூட்டில் வைத்தேன், பத்து நிமிடத்திற்குள் தயிர் போல இறுகிவிட்டது. கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "அப்ப அந்த மனிசன்ட பால்ல பிழையில்லையா, புள்ள?" என்று கேட்டார்.

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்த உறவுப் பெண் ஒருத்தி எனக்குக் காரணத்தை விளக்கினாள். பச்சை இஞ்சியில் புரதத்தை வெட்டும் நொதியம் ஒன்று இருக்கிறது, அதன் பெயர் சிஞ்சிபெயின். பாற்புரதமான கேசீன் துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டாதபடி காக்கும் பகுதியை அது வெட்டிவிடுவதால், அவை திரண்டு கட்டியாகின்றன. கை பொறுக்காத சூட்டில், ஏறக்குறைய 60 பாகை செல்சியசில், அது மிக வேகமாக வேலை செய்யும். நன்றாகக் கொதித்தால் அழிந்துவிடும். சீனாவின் குவாங்டொங் பகுதியில் இதே குணத்தை வைத்துத்தான் இஞ்சிச் சாற்றில் சூடான பாலை ஊற்றி, கரண்டியால் அள்ளிச் சாப்பிடும் ஓர் இனிப்புச் செய்கிறார்கள். சிறு நெருப்பில் கால் மணி நேரம் வைத்த நான், அந்த நொதியத்துக்கு வேண்டிய சூட்டைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். பால்மா திரையாததற்கும் இதுதான் காரணம்: இஞ்சி அங்கே தண்ணீரில் கொதித்து அடங்கிய பிறகுதான் கோப்பையில் இருக்கும் பால்மாவோடு சேர்கிறது.

"இந்தியாவில் பாலிலேயே இஞ்சியைத் தட்டிப் போடுகிறார்களே" என்று சிலர் கேட்கக்கூடும். தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும் பாலில் போட்டால் நொதியம் வேலை தொடங்கும் முன்பே அழிந்துவிடும், அதை நான் மறுக்கவில்லை. "மட்டக்களப்பில் மசாலாத் தேநீர் ஏது?" என்று கேட்பவர்களும் இருப்பார்கள். நம் பழக்கம் இஞ்சி போட்ட வெறுந் தேத்தண்ணிதான், உண்மை. ஆனால் வளைகுடாவுக்குப் போய் வந்தவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கும் ஊரில் அந்த நாக்குருசியும் வந்து சேராமல் இருக்காது. கறுவாவும் ஏலமும் நம் நாட்டிலேயே விளைகின்றன, அவற்றைப் பாலில் போட நாம் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

நான் இப்போது செய்யும் முறையைச் சொல்கிறேன். நாலு கோப்பைக்கு இரண்டு கோப்பைத் தண்ணீரில் பெருவிரல் அளவு இஞ்சியைத் தட்டிப் போட்டு, இரண்டு அங்குலக் கறுவா, மூன்று கராம்பு, ஐந்து மிளகு சேர்த்து ஐந்து நிமிடம் மூடிக் கொதிக்க விடுவேன். கறுவா வாங்கும்போது சுருட்டைப் போலப் பல மெல்லிய மடிப்புகள் உள்ளதைப் பாருங்கள். தடித்த ஒற்றைப் பட்டையாக இருப்பது வேறு மரத்தின் பட்டை, தேநீரில் முரட்டுக் காரம் தரும். ஏலத்தின் வாசம் வேகமாகப் பறந்துவிடுமாதலால் ஐந்து ஏலத்தைத் தோலோடு நசுக்கிக் கடைசியில் போடுவேன். பிறகு மூன்று தேக்கரண்டி டஸ்ட் தேயிலை போட்டு இரண்டு நிமிடம், அதற்கு மேல் விட்டால் சாயம் கசக்கும். பக்கத்து அடுப்பில் தனியே பொங்கிய இரண்டு கோப்பைப் பாலை, இரண்டும் கொதி நிலையில் இருக்கும்போதே சாயத்தோடு சேர்த்து, ஒரு கொதி வந்ததும் இறக்கி, வடித்து, சீனி போட்டு நன்றாக ஆற்ற வேண்டும். சீனிக்குப் பதிலாகச் சர்க்கரை (வெல்லம்) போடுவதானால் அடுப்பை அணைத்த பிறகு போடுங்கள், கொதிக்கும்போது போட்டால் அதிலுள்ள புளிப்பாலும் சில வேளை திரையும். காய்ந்த வேர்க்கொம்பை (சுக்கு) போட்டு எங்கள் வீட்டில் ஒருமுறையும் திரைந்ததில்லை.

பால்காரர் எல்லோரும் உத்தமர் என்று நான் வாதாடவில்லை. நாளைக் காலை வாங்கும் பாலில் ஒரு கோப்பையை எதுவும் போடாமல் காய்ச்சுங்கள். அது திரைந்தால் பால் புளித்த பால், அப்போது அவரிடம் கேளுங்கள். அந்த ஒரு கோப்பையை நாங்கள் 2011 இல் காய்ச்சிப் பார்க்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் பால்மாப் பொதியை நாம் அவ்வளவாகச் சந்தேகிப்பதில்லை, வாவிக்கு அக்கரையில் விடிய எழும்பிக் கறந்து கொண்டுவருகிறவரின் சொல்லை மட்டும் நம்ப மறுக்கிறோம். இது எனக்குப் பெரிய மனக்குறை, எழுதாமல் இருக்க முடியவில்லை.

உண்மை தெரிந்த 2022 ஆம் ஆண்டே அம்மாவை அழைத்துக்கொண்டு பாதையேறி மண்டூருக்குப் போய், விசாரித்து அவரைக் கண்டுபிடித்தேன். பட்டியை மருமகனிடம் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்தார். அம்மா அழுதுகொண்டே நடந்ததைச் சொல்ல, அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இஞ்சி போட்ட எண்டு அண்டைக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நானே சொல்லியிருப்பன், அக்கா. எங்கட வீட்டிலயும் பச்ச இஞ்சி போட்டாத் திரையிறதுதானே" என்றார்.