திருவாதிரைக்கு எத்தனை தூரம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெட்டல்ஜூஸ் என்கிற திருவாதிரையைப் பற்றிப் படிக்கப்போய்க் குழம்பி நிற்கிறேன். ஒரு நூலில் அதன் தூரம் 427 ஒளியாண்டு. இன்னொன்றில் 498. வேறு இடங்களில் 643, 724, கடைசியாக 548. சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் வியாழனின் பாதையை எட்டிவிடும் என்கிறது ஒரு கட்டுரை. செவ்வாயைத் தாண்டிச் சற்றுத் தள்ளி நின்றுவிடும் என்கிறது மற்றொன்று. நிறை சூரியனைப் போல 10 மடங்கு என்பவரும் உண்டு, 20 மடங்கு என்பவரும் உண்டு. சிரியஸ் 8.6 ஒளியாண்டு என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமே இல்லை. கண்ணுக்கு இவ்வளவு பளிச்சென்று தெரியும் விண்மீனில் ஏன் இந்தத் தடுமாற்றம்? எந்த எண்ணை நம்புவது? தொலைநோக்கி இல்லாதவர் இதில் எதையாவது தாமே அளக்க முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் எழுதிய ஐந்து தூரங்களில் ஒன்றுகூட அச்சுப்பிழை இல்லை. எல்லாமே ஆய்வாளர்கள் வெளியிட்டவை. அவர்கள் எண்ணோடு பிழை வரம்பையும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். பொது நூல்கள் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வரம்பைக் கழற்றிவிட்டன. குழப்பத்தில் பாதி அங்கேயே தொடங்குகிறது.

பூமி ஆறு மாதத்தில் சூரியனின் மறுபக்கம் போகும்போது அருகிலுள்ள விண்மீன், தொலைவில் உள்ளவற்றின் பின்னணியில் சற்று இடம்பெயர்ந்ததுபோல் தெரியும். அந்தக் கோணத்தின் பாதிதான் இடமாறு தோற்றம். அதை ஆர்க்செகண்டில் (ஒரு பாகையின் 3,600-ல் ஒரு பங்கு) எழுதி 1-ஐ அதனால் வகுத்தால் தூரம் பார்செக்கில் கிடைக்கும், 3.26-ஆல் பெருக்கினால் ஒளியாண்டு. ஹிப்பார்க்கோஸ் விண்கலத்தின் 1997 பட்டியல் திருவாதிரைக்குத் தந்தது 7.63 மில்லி ஆர்க்செகண்ட் (மில்லி என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு), பிழை வரம்பு 1.64. அதுவே 131 பார்செக், உங்கள் 427 ஒளியாண்டு. அதே தரவை 2007-ல் புதிதாகக் கணக்கிட்டபோது 6.55 வந்தது, 498 ஒளியாண்டு. 2008-ல் ரேடியோ அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள்: 5.07, அதாவது 643. கூடுதல் ரேடியோ தரவுகளோடு 2017-ல் 4.51, பிழை வரம்பு 0.80, இதுதான் 724.

கடைசி எண்ணை ஒருமுறை நீங்களே தலைகீழாக்கிப் பாருங்கள். 4.51 என்பது 222 பார்செக். 5.31 என்றால் 188. 3.71 என்றால் 270. கோணத்தில் இருபுறமும் சமமாக இருந்த பிழை, தூரத்துக்கு வந்ததும் ஒரு பக்கம் 34, மறுபக்கம் 48 என்று கோணிக்கொள்கிறது. வரம்புகளோடு சேர்த்துப் படித்தால் இந்த எண்கள் ஒன்றையொன்று அவ்வளவு மறுக்கவில்லை. வரம்பில்லாமல் படித்தால் சண்டை போடுவதுபோல் தெரியும்.

இனி உங்கள் முக்கியக் கேள்விக்கு வருகிறேன். சிரியஸுக்கு வராத இந்தச் சிக்கல் இதற்கு மட்டும் ஏன்? சிரியஸின் வட்டு சுமார் 6 மில்லி ஆர்க்செகண்ட் அகலம். அதன் இடமாறு தோற்றம் 379. புள்ளி ஒன்று தன்னைவிட அறுபது மடங்கு பெரிய ஊஞ்சலில் ஆடுவதுபோல, அளப்பது எளிது. திருவாதிரையின் கதை நேர்தலைகீழ். வட்டின் அகலம் 42 மில்லி ஆர்க்செகண்டுக்கு மேல், இடமாறு தோற்றமோ ஆறை ஒட்டி. விண்மீனின் உடம்பே அது ஆடும் தூரத்தைப்போல் ஏழு மடங்கு. இந்த ஏழு தற்செயலாக வந்த எண் இல்லை. இடமாறு தோற்றம் என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் அங்கிருந்து பார்க்கும்போது எத்தனை கோணம் என்பதுதான். ஆகவே வட்டை அதனால் வகுத்தால் வருவது, அந்தத் தூரத்தை அலகாகக் கொண்ட விண்மீனின் விட்டம். பெரிய விண்மீனுக்கு இந்தத் தொல்லை கூடவே பிறந்தது.

வட்டு சீராக ஒளிர்ந்திருந்தால் அப்போதும் சமாளித்திருக்கலாம். திருவாதிரையின் மேற்பரப்பில் கொதிக்கும் வாயு பெரும் பெரும் குமிழ்களாக எழுந்து அடங்குகிறது. ஒரு பக்கம் பிரகாசமாகும்போது ஒளியின் மையம் அந்தப் பக்கம் நகரும். விண்கலம் குறித்துக்கொள்வது அந்த மையத்தைத்தான். விண்மீன் நகர்ந்ததா, அதன் முகத்தில் வெளிச்சம் இடம் மாறியதா என்று பிரித்தறிய வழியில்லை. பல கோடி விண்மீன்களை மிக நுட்பமாக அளந்த கையா விண்கலமும் இங்கே கைகொடுக்கவில்லை. இவ்வளவு பிரகாசம் அதன் கருவிக்குத் தாங்காது. அதனால்தான் ரேடியோவுக்குப் போனார்கள். அங்கும் வட்டு பெரிதாகத் தெரிகிறதே தவிரத் திட்டுகள் ஒழிந்தபாடில்லை.

548 வேறு வழியில் வந்தது. விண்மீன் ஏறத்தாழ 400 நாளுக்கு ஒருமுறை விரிந்து சுருங்குகிறது. அந்தக் காலத்துக்குப் பொருந்தும் ஆரம் என்ன என்று விண்மீன் மாதிரிகளில் (கணினிக் கணக்குகளில்) தேடி, கிடைத்த ஆரத்தைக் கோண விட்டத்தோடு, அதாவது வட்டின் அகலம் காட்டும் கோணத்தோடு பொருத்தி 2020-ல் 168 பார்செக் என்று சொன்னார்கள். எனக்கு இந்த எண் மீது சாய்வு உண்டு. ஆனால் அது அளவீடும் மாதிரியும் கலந்தது என்பதை மறக்கக்கூடாது. 400 நாள்தான் அடிப்படைத் துடிப்பு என்ற அனுமானம் அதற்குள் இருக்கிறது. ஏறத்தாழ 2,100 நாளில் வரும் நீண்ட ஏற்றஇறக்கமே அடிப்படை என்று 2023-ல் ஒரு குழு வாதிட்டது. அப்படியானால் ஆரம் இன்னும் பெரிதாகிவிடும்.

தூரத்தோடு ஒப்பிட்டால் கோண விட்டம் உறுதியான எண். சூரியனைத் தவிர்த்து ஒரு விண்மீனின் விட்டத்தை முதலில் அளந்ததே இதில்தான்: 1920 டிசம்பர் 13, மவுண்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கி. அதன் மேல் 20 அடி எஃகுச் சட்டம் ஒன்றைப் பொருத்தி, இரண்டு கண்ணாடிகளை மெல்ல விலக்கிக்கொண்டே போனார்கள் வானியலாளர்கள் பீஸும் ஆண்டர்சனும். இரண்டு கண்ணாடியிலிருந்தும் வரும் ஒளி சேரும்போது குறுக்கீட்டு வரிகள் தெரியும். விண்மீன் வெறும் புள்ளியானால் எவ்வளவு விலக்கினாலும் வரிகள் அழியக்கூடாது. சுமார் 3.07 மீட்டர் இடைவெளியில் அழிந்தன. அலைநீளம் 575 நானோமீட்டரை 1.22-ஆல் பெருக்கி 3.07 மீட்டரால் வகுங்கள். ரேடியனில் வரும் விடையை 206,265-ஆல் பெருக்குங்கள். 0.047 ஆர்க்செகண்ட். நூறாண்டு கழித்தும் பெரிதாகத் திருத்தவேண்டி வரவில்லை.

எந்த அலைநீளத்தில் அளந்தார்கள் என்று கேட்காமல் கோண விட்டத்தை ஏற்கவும் கூடாது. இந்த விண்மீனுக்குத் தெளிவான விளிம்பு கிடையாது. அண்மை அகச்சிவப்பில் 42 முதல் 44 மில்லி ஆர்க்செகண்ட். 11 மைக்ரான் அகச்சிவப்பில் 55 வரை. புற ஊதாவில் இரண்டு மடங்குக்கும் மேல். ஒவ்வொன்றும் வளிமண்டலத்தின் வேறு அடுக்கைப் பார்க்கிறது. "வியாழன் வரை" என்று எழுதுபவர்கள் பலர் எந்த அடுக்கு என்று சொல்வதில்லை.

இப்போது இரண்டையும் சேர்ப்போம். ஆர்க்செகண்டில் உள்ள விட்டத்தைப் பார்செக்கில் உள்ள தூரத்தால் பெருக்கினால், விட்டம் வானியல் அலகில் (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் ஓர் அலகு) வந்துவிடும். 0.0423-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 131 பார்செக்கில் ஆரம் 2.8 வானியல் அலகு, சூரிய ஆரத்தைப்போல் 600 மடங்கு. சிறுகோள் பட்டையின் நடுவில் நிற்கும். 168-ல் 3.55 அலகு, 764 மடங்கு. 222-ல் 4.7 அலகு, 1,000 மடங்கைத் தொடும், வியாழனின் 5.2-க்குப் பக்கத்தில் போய்விடும். நீங்கள் படித்த இரண்டு கட்டுரைகளுக்கும் இடையே இருந்த சண்டை விண்மீனின் அளவைப் பற்றியதே இல்லை, தூரத்தைப் பற்றியது.

ஒளிவீச்சில், அதாவது விண்மீன் வெளிவிடும் மொத்த ஒளியில், இது இன்னும் கூர்மையாகத் தெரியும், ஏனென்றால் அங்கே தூரத்தின் வர்க்கம் நுழைகிறது. வெப்பநிலை 3,600 கெல்வின் என்று வைத்தால் மேற்சொன்ன மூன்று தூரங்களுக்கும் முறையே சூரியனைப்போல் 54,000, 88,000, 1,54,000 மடங்கு. ஒளிவீச்சுக் கணக்கில் வெப்பநிலையை நான்கு முறை பெருக்கவேண்டி வந்தாலும் அதில் பயமில்லை: நிறமாலையில் டைட்டானியம் ஆக்சைடின் பட்டைகளை வைத்து அதை நன்றாகவே கணிக்கிறார்கள். 50 கெல்வின் பிசகினாலும் ஒளிவீச்சு 6 சதவீதத்துக்குள்தான் மாறும். அந்த நம்பகத்தன்மை 2020 பிப்ரவரியில் பயன்பட்டது. வழக்கமாக 0.5 அளவில் இருக்கும் பிரகாச எண் (எண் கூடினால் விண்மீன் மங்கல்) 1.6-க்குப் போய், விண்மீன் முன்பிருந்த ஒளியில் நாற்பது சதவீதத்துக்கும் கீழே போயிருந்தது. வெடிக்கப்போகிறது என்று செய்தித்தாள்கள் எழுதின. நிறமாலை காட்டிய வெப்பநிலையோ 3,600. 2004-ல் அது 3,650. இவ்வளவு சின்னக் குளிர்ச்சி அவ்வளவு பெரிய மங்கலை விளக்காது. தெற்குப் பாதி மட்டும் இருண்டிருந்ததைப் படங்கள் காட்டின. விண்மீன் உமிழ்ந்த வாயு தூசியாகி முன்னே வந்து மறைத்தது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

நிறை இதுவரை அளக்கப்படாத எண். சிரியஸுக்கு 50 ஆண்டில் சுற்றும் துணை இருப்பதால் அதன் நிறையைக் கெப்லரின் விதியே கொடுத்துவிடுகிறது. திருவாதிரைக்கு 10, 20 என்று நீங்கள் பார்த்ததெல்லாம் மாதிரிகளின் விடைகள். 2024 டிசம்பரில் ஜெமினி வடக்குத் தொலைநோக்கியில் எடுத்த படங்களில் 52 மில்லி ஆர்க்செகண்ட் தள்ளி ஒரு மங்கலான துணை தென்படுவதாக 2025 ஜூலையில் அறிவித்தார்கள். சான்று இன்னும் மெலிந்ததுதான். 2027 நவம்பரில் அது மறுபடி நன்கு விலகி நிற்கும் என்று கணக்கு. இருந்தாலும் ஒரு கைக்கணக்கு போட்டுப் பார்க்கலாம். 52 மில்லி ஆர்க்செகண்டையே பாதையின் ஆரமாகவும், 2,100 நாளைச் சுற்றும் காலமாகவும் வையுங்கள். வானியல் அலகில் உள்ள ஆரத்தின் மும்மடியை, ஆண்டில் உள்ள காலத்தின் வர்க்கத்தால் வகுத்தால் மொத்த நிறை, சூரிய நிறையின் மடங்காக. 168 பார்செக்கில் 20 சூரியன். 131-ல் 10-க்கும் சற்றுக் கீழே. 222-ல் 46! தூரம் இங்கே மும்மடியாக நுழைவதால் 15 சதவீதப் பிழை 50 சதவீதமாகிவிடுகிறது. 46 என்பது நிறமாலையோடும் ஒளிவீச்சோடும் ஒத்துப்போகாத எண் என்பதால், 168-ஐ ஒட்டிய தூரத்தின் பக்கம் நான் சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரே ஒரு முறை கண்டதை வைத்துப் போட்ட கணக்கு என்பதால் அதற்கு மேல் அழுத்தமாட்டேன்.

ஆக, எந்த நூலைத் திறந்தாலும் பிரகாச எண், கோண விட்டம், வெப்பநிலை, துடிப்புக் காலம், நம்மைவிட்டு விலகும் வேகமான நொடிக்கு சுமார் 21 கிலோமீட்டர் ஆகியவற்றைத் தூரம் தெரியாமலே அளந்தவை என்று ஒரு பக்கம் வையுங்கள். ஆரம், ஒளிவீச்சு, நிறை இவற்றைப் பார்த்தால் முதலில் "எந்தத் தூரத்துக்கு?" என்று கேளுங்கள்.

நீங்களே அளக்கக்கூடியது பிரகாச எண். கண் போதும். ஒப்பிட ப்ரோசியான் 0.34, ரோகிணி 0.86 இரண்டும் வசதியானவை. ரோகிணி தானும் கொஞ்சம் மாறும் என்றாலும் நிறத்தில் கிட்டத்தட்ட ஒத்தது. திருவாதிரை இந்த இரண்டுக்கும் இடையில் எங்கே நிற்கிறது என்று பின்னத்தில் மதிப்பிடுங்கள். ப்ரோசியானிலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறங்கியிருந்தால் 0.34-உடன் 0.17 கூட்டி 0.51. மங்கிய காலங்களில் போலக்ஸ் 1.14, பெல்லாட்ரிக்ஸ் 1.64 தேவைப்படும்.

பிழை வருவது இரண்டு இடத்தில். சிவந்த விண்மீனை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது பிரகாசமாகிக்கொண்டே போவதுபோல் தோன்றும். ஒரு நொடிப் பார்வை, உடனே அடுத்ததற்குத் தாவல் என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். அடுத்தது உயரம். தொடுவானத்திலிருந்து 20 பாகையில் உள்ள விண்மீன், 60 பாகையில் உள்ளதைவிடத் தெளிந்த வானிலும் ஏறத்தாழ 0.4 அதிகம் மங்கும். ஒப்பிடும் இரண்டும் ஒரே உயரத்துக்கு வரும்வரை காத்திருங்கள். வாரம் ஒரு மதிப்பீடு, தேதியோடு, அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை. அதற்குப் பிறகு விண்மீன் சூரியனின் பக்கம் போய்விடுவதால் சில மாதம் இடைவெளி விழும். 400 நாள் அலையைப் பார்க்க இரண்டு பருவமாவது வேண்டும். ஒற்றை மதிப்பீட்டில் 0.1, 0.2 பிசகுவது சகஜம். போன வாரத்துக் குறிப்பைப் பார்த்துவிட்டு இந்த வார எண்ணை எழுதாதீர்கள்.